கேளுங்கள், சொல்கிறேன்: பெரோஸ் காந்தி உட்கார்ந்த பின்வரிசை

போன இதழில் நேருவின் மருமகனும் இந்திரா காந்தியின் கணவருமான பெரோஸ் காந்தியைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அவரைப் பற்றித்தான். அதனால் இந்த இதழின் பக்கம் முழுக்க அவருக்கும், மந்திரி இல்லாத உறுப்பினர்கள் உட்காரும் நாடாளுமன்றப் பின்வரிசைக்கும்.

கே: ஐயா, மந்திரி பதவி இல்லை, கட்சியில் பெரிய பொறுப்பும் இல்லை. அப்படிப்பட்ட ஓர் எம்.பி. எழுந்து பேசியதால் நாட்டில் எதுவாவது மாறியிருக்கிறதா? (கல்லூரி மாணவி, திருச்சி)

மாறியிருக்கிறது அம்மா. உங்கள் வீட்டு பீரோவில் எல்.ஐ.சி. பாலிசி ஏதாவது இருக்கும். அந்த நிறுவனம் பிறந்த கதையிலேயே ஒரு பின்வரிசைக்காரரின் பங்கு இருக்கிறது.

1952-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் ரேபரேலிப் பக்கமிருந்து காங்கிரஸ் எம்.பி.யாக வந்தவர் பெரோஸ் காந்தி. வந்த புதிதில் வாயே திறக்கவில்லை. மூன்று வருடத்துக்கு மேல் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். 1955 டிசம்பர் 6 அன்று, இன்சூரன்ஸ் சட்டத் திருத்த மசோதா மீதான விவாதத்தில் எழுந்தார். தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியா தன் கையிலிருந்த பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியின் பணத்தை, அதாவது பாலிசிதாரர்கள் கட்டிய பிரீமியத்தை, தன்னுடைய மற்றத் தொழில்களுக்கு எப்படியெல்லாம் திருப்பிவிட்டார் என்று கணக்கைப் பிரித்து வைத்தார். கோஷம் இல்லை, வசை இல்லை. எந்தத் தேதியில் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் பணம் போனது என்பதுதான் பேச்சு. டால்மியா பிற்பாடு சிறைக்குப் போனார்.

அந்தப் பேச்சு முடிந்து ஒன்றரை மாதத்தில், 1956 ஜனவரி 19 அன்று, ஆயுள் இன்சூரன்ஸை அரசே எடுத்துக்கொள்ளும் அவசரச் சட்டம் வந்தது. 245 கம்பெனிகளும் சங்கங்களும் ஒன்றாகி, அந்த வருடம் செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. ஒரே ஒரு பேச்சு இதையெல்லாம் செய்துவிட்டது என்று சொன்னால் அது மிகை. அப்போது நிதி அமைச்சராக இருந்த சி.டி. தேஷ்முக்கும் அவருடைய துறையும் ரகசியமாக அந்த வேலையில் இறங்கியிருந்தார்கள். ஆனால் இது ஏன் தேவை என்று நாட்டுக்குப் புரியவைத்த பேச்சு பெரோஸுடையது.

கே: முப்பது வருடம் எல்.ஐ.சி. ஏஜென்டாக இருந்தவன் நான். முந்த்ரா ஊழல் என்று பெயர் கேள்விப்பட்டதோடு சரி. நீங்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். (ஓய்வுபெற்றவர், கும்பகோணம்)

சொல்கிறேன் ஐயா. ஒரு பின்வரிசை உறுப்பினர் உள்நாட்டு நிர்வாகத்தை எவ்வளவு தூரம் உலுக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

எல்.ஐ.சி. பிறந்து ஒரு வருடம்கூட முடியவில்லை. 1957 ஜூனில் அது கல்கத்தாத் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் பங்குகளை வாங்கியது. ஏறக்குறைய ஒண்ணேகால் கோடி ரூபாய்க்கு. அந்தக் காலத்து ஒண்ணேகால் கோடி! முந்த்ராவோ அப்போது கடனில் மூழ்கித் தத்தளித்துக்கொண்டிருந்தவர். எல்.ஐ.சி.க்கு என்று ஒரு முதலீட்டுக் குழு இருந்தது. அதைக் கேட்கவே இல்லை. வாங்கிய விலையும் சந்தை விலைக்கு மேல். பங்கு வாங்கினால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் விற்றவருக்கு மட்டும்தான். கஷ்டப்பட்டு பிரீமியம் கட்டியவர்களின் பணம், ஒருவரின் கடனைத் தூக்கிவிடப் போனது.

விஷயம் மெல்லக் கசிந்தது. மன்றத்தில் கேள்விகள் வந்தன. அரசுத் தரப்பில் வந்த பதில்கள் பிடிகொடுக்கவில்லை. பெரோஸ் விடவில்லை, விவாதம் கேட்டு வாங்கினார். 1957 டிசம்பர் 16 அன்று அது நடந்தது.

அவர் ஆரம்பித்த விதத்தைக் கவனியுங்கள். தன் மனத்துக்குள் எழுந்த கலகம்தான் தன்னை இந்த விவாதத்துக்குத் தள்ளியது, இத்தனை பெரிய காரியம் நடக்கும்போது பேசாமல் இருப்பது குற்றமாகிவிடும் என்றார். நாடாளுமன்றம் தானே உண்டாக்கிய மிகப்பெரிய நிதி நிறுவனத்தைத் தானே கண்காணிக்க வேண்டும் என்றார். நான் பலமாக அடிப்பேன், அதைவிடப் பலமாகத் திருப்பி அடிபடவும் தயாராக வந்திருக்கிறேன் என்றும் சொன்னார். நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி (டி.டி.கே.) எதிரே உட்கார்ந்திருக்கிறார். இருவரும் ஒரே கட்சி.

பிறகு நேராகக் கணக்குக்குள் இறங்கிவிட்டார். எந்தப் பங்கு, சந்தையில் என்ன விலை, எல்.ஐ.சி. கொடுத்தது என்ன விலை. அமைச்சருக்கும் அவருடைய முதன்மைச் செயலாளருக்கும் இடையே நடந்த ரகசியக் கடிதப் போக்குவரத்தே அவர் கையில் இருந்தது. அதிலிருந்து எடுத்துப் படித்தார். இதற்குப் பிறகு மழுப்பலுக்கு இடமில்லை.

நேரு அரசு விசாரணைக்கு ஒப்புக்கொண்டது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவை ஒரு நபர் கமிஷனாகப் போட்டார்கள். சாக்ளா ஒன்றில் பிடிவாதமாக இருந்தார்: விசாரணை எல்லோரும் பார்க்கும்படி நடக்க வேண்டும். பம்பாயில் நடந்த விசாரணைக்கு வந்த கூட்டம் உள்ளே கொள்ளவில்லை. வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். அமைச்சர் ஏறிச் சாட்சி சொல்கிறார், செயலாளர் ஏறிச் சொல்கிறார், தெருவில் நிற்கிறவர்கள் கேட்கிறார்கள். சுதந்திரம் வந்து பத்தே வருடமான நாட்டில் இது நடந்தது என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

எல்லாம் சில வாரங்களில் முடிந்தது. இந்தக் கொள்முதல் வியாபார முறைப்படி நடக்கவில்லை என்றும், செயலாளர் செய்த காரியத்துக்கு அமைச்சர் பொறுப்பேற்றாக வேண்டும் என்றும் சாக்ளா எழுதினார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். அந்த மாதக் கடைசியில் மத்திய பட்ஜெட்டைப் பிரதமர் நேருவே படிக்க வேண்டியதாயிற்று. முந்த்ரா சிறைக்குப் போனார்.

கவர்மென்ட் கம்பெனியின் பணத்துக்கு நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும் என்ற நடைமுறை அன்றுதான் ஊன்றியது. நீங்கள் முப்பது வருடம் வீடு வீடாகப் போய், “இது கவர்மென்ட் நிறுவனம், பணம் எங்கேயும் போகாது” என்று நம்பிக்கை கொடுத்திருப்பீர்களே, அந்த வார்த்தைக்கு ஓர் உறுதி கிடைத்தது அந்த டிசம்பரில்தான்.

கே: பிரதமரின் மாப்பிள்ளை என்பதால்தானே அவ்வளவு தைரியம்? வேறு ஒருவர் பேசியிருந்தால் கட்சியை விட்டே தூக்கியிருப்பார்கள். (வாசகர், ஈரோடு)

ஓரளவு உண்மை. நேருவின் மருமகன் மேல் கை வைக்க யாரும் யோசிப்பார்கள். ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பிரதமரின் மருமகன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் மந்திரி பதவி தானாக வந்திருக்கும். மாமனாரின் நிதி அமைச்சரையே கூண்டில் ஏற்றியவருக்கு வீட்டில் என்ன வரவேற்பு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கடைசிவரை அவர் மந்திரி ஆகவில்லை. பிரதமர் வீட்டில் இல்லாமல் எம்.பி. குடியிருப்பில் தனியாக இருந்தார். 1960 செப்டம்பர் 8 அன்று மாரடைப்பில் போய்விட்டார். நாற்பத்தெட்டு வயது நிறைய நாலே நாள் பாக்கி.

சொந்தம் பந்தம் அவர் பேச்சுக்குக் குறுக்கே வரவில்லை என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். அவர் பார்சி. ஆனாலும் பார்சிகளின் பெருமையான டாடா குழுமத்தின் டெல்கோ, ரயில் இன்ஜினுக்கு ஜப்பான் விலையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வாங்குகிறது, அதைத் தேசியமயமாக்க வேண்டும் என்று பேசினார். அவருடைய சமூகத்திலேயே பலருக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் கோரிக்கை சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பேசிய துணிவில் சந்தேகமே இல்லை.

கே: டி.டி.கே. நம் சென்னைக்காரர். அறிவாளி. செயலாளர் செய்ததற்கு அவரைப் பலி கொடுத்தது அநியாயம் என்று என் தகப்பனார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நீங்களும் பெரோஸ் பக்கம்தானா? (இல்லத்தரசி, மயிலாப்பூர்)

உங்கள் தகப்பனாரின் வருத்தம் எனக்குப் புரிகிறது அம்மா. டி.டி.கே. சாதாரண ஆள் இல்லை. அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்தவர். அந்தக் குழுவின் பாரம் முழுக்க அம்பேத்கர் ஒருவர் தலையில்தான் விழுந்தது என்று அரசியல் நிர்ணய சபையில் எழுந்து சொன்ன நேர்மை அவருடையது. முந்த்ரா பங்கு வாங்கியதில் அவர் ஒரு பைசா லாபம் பார்த்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. எனக்குத் தெரியாமல் நடந்தது என்றார் அவர். அமைச்சரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன் என்றார் செயலாளர் எச்.எம். படேல்.

ஆனாலும் நான் சாக்ளா பக்கம்தான். அமைச்சர் தெரிந்து செய்தாரா, தெரியாமல் விட்டாரா என்று தராசில் வைத்து நிறுக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு தப்புக்கும் ஒரு குமாஸ்தாவைக் காட்டிவிட்டு எல்லோரும் தப்பித்துவிடுவார்கள். மன்றத்தில் பதில் சொல்கிறவர் அமைச்சர். பொறுப்பும் அவருடையதுதான். டி.டி.கே.வின் திறமை வீணாகவும் இல்லை. 1962-ல் மறுபடி அமைச்சரவைக்கு வந்தார், அடுத்த வருடம் மறுபடி நிதி அமைச்சரும் ஆனார். யூனிட் டிரஸ்டும் தொழில் வளர்ச்சி வங்கியும் அவர் காலத்தில் வந்தவை. படேலும் அப்படித்தான்; பிற்காலத்தில் அரசியலுக்கு வந்து 1977-ல் ஜனதா ஆட்சியின் நிதி அமைச்சரானார்.

கே: பெரோஸ் காந்தி சட்டம் என்று ஒன்று இருப்பதாக வகுப்பில் சொன்னார்கள். என்ன அது? (இதழியல் மாணவர், மதுரை)

தம்பி, நீங்கள் நாளைக்கு நாடாளுமன்றச் செய்தி எழுதினால், உங்களைக் காக்கும் கவசம் அது. எம்.பி. மன்றத்துக்குள் என்ன பேசினாலும் அவர் மேல் வழக்குப் போட முடியாது. அரசியல் சட்டத்தின் 105-வது பிரிவு அந்தப் பாதுகாப்பைக் கொடுக்கிறது. ஆனால் அவர் பேசியதை அப்படியே அச்சில் போட்ட பத்திரிகை மேல் மானநஷ்ட வழக்குப் போடலாம் என்ற நிலை இருந்தது. இப்படி இருந்தால் எந்த ஆசிரியர் துணிந்து போடுவார்? எம்.பி. உள்ளே உண்மையைச் சொல்ல, ஊர் காதுக்கு அது எட்டாமலே போகும்.

பெரோஸ் ஒரு தனிநபர் மசோதா, அதாவது மந்திரி இல்லாத எம்.பி. தானாகக் கொண்டுவரும் மசோதா, கொண்டுவந்தார். நாடாளுமன்ற நடவடிக்கையைக் கெட்ட எண்ணமில்லாமல், பெருமளவுக்கு உண்மையாக வெளியிட்டால் வழக்கு இல்லை. 1956-ல் அது சட்டமானது. அடுத்த வருடமே முந்த்ரா விவாதத்தைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் போட்டன. அவர் கட்டிய பாலத்தில் அவரே முதலில் நடந்தார்.

நெருக்கடி நிலை வந்தது. இந்திரா காந்தியின் அரசு 1976-ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. கணவர் கொண்டுவந்த சட்டம், மனைவியின் ஆட்சியில் போனது. 1977-ல் ஜனதா அரசு திரும்பக் கொண்டுவந்தது. அதோடு நிற்காமல், 44-வது திருத்தத்தின் மூலம் 361-ஏ பிரிவாக அரசியல் சட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இனி சாதாரணப் பெரும்பான்மையைக் கொண்டு யாரும் அதைத் தொட முடியாது.

கே: அந்தக் காலம் சரி. இப்போது ஆளும்கட்சி எம்.பி. எவராவது அப்படி எழுந்து கேட்க முடியுமா? (வங்கி ஊழியர், நாகர்கோவில்)

கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் விலைக்கு வாங்கும் அரசியலைத் தடுக்க வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் கட்சிக் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால், ஓட்டுப் போடாமல் இருந்தால்கூடப் பதவி போகலாம். விலை போகிறவரையும் மனசாட்சிப்படி நிற்கிறவரையும் அது ஒரே தட்டில் வைக்கிறது. அரசு கவிழும் நிலை உள்ள ஓட்டெடுப்புக்கும் பட்ஜெட்டுக்கும் மட்டும் கொறடா உத்தரவு இருந்தால் போதும் என்பது என் வாதம்.

ஆனால் ஒன்று. சட்டம் கட்டிப்போடுவது ஓட்டுப் போடுவதைத்தான். கேள்வி கேட்பதைக் கட்டிப்போடவில்லை. டால்மியா பேச்சும் முந்த்ரா பேச்சும் ஓட்டெடுப்பால் ஜெயித்தவை இல்லையே! தகவலால் ஜெயித்தவை. இன்றைக்கு எம்.பி.க்கு உட்கார்ந்து படிக்க இடமும் உண்டு. துறைவாரி நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் 31 பேர். செயலாளர்களைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துக் கணக்குக் கேட்கலாம். அங்கே கொறடா கிடையாது. பெரோஸுக்கு இந்த வசதி இருக்கவில்லை.

தனிநபர் மசோதாக்களின் கதைதான் மனதுக்குச் சங்கடம். இதுவரை சட்டமானவை பதினாலே பதினாலு. கடைசியானது 1970-ல். வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டரை மணி நேரத்தை அதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள். டெல்லியில் நிருபராக இருந்தபோது நான் பத்திரிகையாளர் மாடத்திலிருந்து பல வெள்ளிக்கிழமைகளைப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் தொகுதிக்கு விமானம் பிடிக்கக் கிளம்பியிருப்பார்கள். கீழே வரிசை வரிசையாகப் பச்சை இருக்கைகள் காலியாகக் கிடக்கும். யாரோ ஒருவர் எழுந்து, தாளைப் புரட்டிப் புரட்டி, முதியோர் பென்ஷனைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். நடுவே மேஜையில் சுருக்கெழுத்தாளர்கள் சில நிமிடத்துக்கு ஒருவர் மாறி மாறி வந்து உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டு போவார்கள். எனக்கு அந்த நேரம் பிடிக்கும். கைதட்ட ஆளில்லை என்று தெரிந்தும் முழுதாகத் தயாரித்து வந்து பேசுகிறவர் மேல் தனி மரியாதை வரும்.

அந்த வெள்ளிக்கிழமையிலும் விளைந்தது உண்டு. திருநங்கைகள், திருநம்பிகள் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை ஏற்றது. பல பத்து வருடங்களாக எந்த அவையிலும் நடக்காத காரியம். அந்த மசோதா மக்களவையைத் தாண்டவில்லை. அரசு தானே வேறொரு மசோதா கொண்டுவந்து, 2019-ல் சட்டமாக்கியது. அந்தச் சட்டம் சிவாவின் மசோதா அளவுக்கு இல்லை என்பது என் கருத்து. ஆனாலும் அதுவரை மன்றத்தில் அதிகம் பேசப்படாத மக்களைப் பற்றி ஒரு வெள்ளிக்கிழமை பேச்சு எழுந்தது; அதற்குப் பிறகு அரசால் சும்மா இருக்க முடியவில்லை.

கே: எங்கள் எம்.பி. மைக் பிடித்தே நான் பார்த்ததில்லை. வேலை செய்கிறாரா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (விவசாயி, திருவாரூர்)

டி.வி.யில் பேசுகிறாரா என்று பார்க்காதீர்கள். கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20. அவற்றுக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் வரும். நேரம் ஒரு மணிதான் என்பதால் சில கேள்விகளோடு முடிந்துவிடும். நட்சத்திரமில்லாத கேள்வி 230; அதற்கெல்லாம் எழுத்தில் பதில். ஊர் கவனிக்காத இந்த 230-தான் எனக்குப் பொக்கிஷம். பயிர்க் காப்பீட்டுப் பணம் எந்த மாவட்டத்தில் எவ்வளவு நிலுவை என்று உங்கள் எம்.பி. எழுதிக் கேட்டால், துறை கணக்கெடுத்து அமைச்சர் பெயரில் பதில் வைத்தாக வேண்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நீங்கள் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகலாம்.

கேள்வியை முழுசாகப் பதினைந்து நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். ஆகவே கூட்டத்தொடர் அறிவிப்பு வந்தவுடனே எம்.பி. அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள், அதில் கேள்வியையே எழுதிக் கொடுங்கள். “விவசாயிகள் கஷ்டப்படுகிறார்கள்” என்று எழுதினால் பொத்தாம் பொதுவாகப் பதில் வரும். எந்தப் பருவம், எந்தத் தாலுகா, எத்தனை பேர் என்று எழுதுங்கள்.

கே: தமிழில் பேசலாமா அங்கே? (பள்ளி ஆசிரியை, பொள்ளாச்சி)

பேசலாம். அவைத் தலைவரின் அனுமதியோடு தாய்மொழியில் பேச அரசியல் சட்டத்தின் 120-வது பிரிவிலேயே இடமிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். நம் எம்.பி.க்கள் இன்னும் அதிகமாகப் பேச வேண்டும் என்பது என் ஆசை.

கே: பெரோஸ் காந்தியின் பேச்சை முழுதாகப் படிக்க வழி உண்டா? (மேற்படி இதழியல் மாணவரின் இரண்டாவது கேள்வி)

உண்டு தம்பி. நாடாளுமன்றத்தின் மின்னணு நூலகத்தில் முதல் மக்களவையிலிருந்து விவாதங்களை ஏற்றி வைத்திருக்கிறார்கள். காசு கிடையாது. தேதி போட்டுத் தேடினால் வரும். பழைய அச்சு, கொஞ்சம் மங்கலாக இருக்கும், ஆங்கிலத்தில் இருக்கும். பொறுமையாகப் படிக்க வேண்டும். முதலில் 1955 டிசம்பர் 6, அப்புறம் 1957 டிசம்பர் 16. இரண்டாவதைப் படிக்கும்போது பெரோஸின் பேச்சோடு மூடிவிடாதீர்கள். டி.டி.கே. தன் பக்கத்தை எப்படிச் சொன்னார் என்பதையும் அதே விவாதத்தில் படியுங்கள். மயிலாப்பூர் அம்மாவுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும். தகப்பனார் சொன்னதை அதோடு வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.